மல்லிகை வாசனை அடித்த கார்

2023 ஏப்ரலில் நாங்கள் வாங்கிய முதல் காரில் மல்லிகை வாசனை அடித்தது. கதவைத் திறந்ததுமே குப்பென்று வந்தது. டேஷ்போர்டில் ஒரு ஜெல் டப்பா, ஏ.சி. காற்று வரும் இடத்தில் ஒரு கிளிப், பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு டப்பா. எனக்கு அது பிடித்திருந்தது. வண்டியை எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பெங்களூர் மர்பி டவுனிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் காலையில் ஆறு மணிக்குப் போய், பதினோரு மணிக்கு மேல் திரும்ப வேண்டும். போகும்போது ஆட்டோ கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குத் தலை சுற்றும், கால் நிற்காது. வெயிலில் ஆட்டோவுக்காக நாங்கள் நிற்கும் இருபது நிமிஷத்தில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். அதற்காகத்தான் கார்.

கையில் மூன்று லட்சத்துச் சொச்சம் இருந்தது. விளம்பரம் பார்த்து ஓனரிடமே நேராக வாங்கினால் புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று கணக்குப் போட்டோம். 2016 மாடல், 38,000 கிலோமீட்டர், விலை 3,10,000 ரூபாய். சாயங்காலம் ஏழரை மணிக்கு, சர்ஜாபூர் ரோடில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். என் கணவர் ஒரு ரவுண்டு ஓட்டினார். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

ஜூனில் மழை ஆரம்பித்ததும் மல்லிகைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மேலே வந்தது. நனைந்த சாக்கை மூடி வைத்த மாதிரி. ஜூலையில் இடது பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. ஆகஸ்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்து அணையவே இல்லை. ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தொம்மலூர் மேம்பாலத்தின் மேல் வண்டி அப்படியே நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை, ஹசார்டு லைட் கூட எரியவில்லை. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்க, மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, "நான் நல்லாத்தாம்மா இருக்கேன், நீ பதறாதே" என்றார். அவர் நன்றாக இல்லை. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. விற்ற ஆளின் போன் நம்பர் அதற்குள் செயலிழந்திருந்தது.

என் சித்தப்பா பி.எம்.டி.சி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வாங்கிய சமயத்தில் தங்கவயலில் மகள் வீட்டில் இருந்தார். பெரியவரை எதற்கு அலைக்கழிப்பது என்று கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் பானட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். மாட்டிக்கொள்ளும் அளவோடு நிறுத்தாமல், உள்ளே சுருளில் இருக்கும் கடைசி முழம் வரைக்கும் இழுத்தார். அந்தக் கடைசி முழத்தில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே துணியே வேறு நிறம்.

பிறகு டிக்கி. ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அது உட்காரும் குழியின் ஓரத்தில் விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். கேழ்வரகு மாவு மாதிரி மெல்லிய வண்டல். சீட் முன்னும் பின்னும் நகரும் கம்பிகளின் போல்ட்டில் துரு. "மழையில நனையுற வண்டிக்கு வெளியில துரு பிடிக்கும்மா. சீட்டுக்கு அடியில பிடிச்சிருந்தா தண்ணி உள்ள வந்து நின்னுருக்கு" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஒரு ஒயர் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.

அவர் அன்றைக்குச் சொன்ன ஒன்றுதான் எனக்கு அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஆயிற்று. "பழைய வண்டி பார்க்கப் போனா பழசைப் பார்க்காதே. எது புதுசா இருக்குன்னு பாரு. அது ஏன் புதுசாச்சுன்னு கேளு."

எங்கள் காரில் தரை விரிப்பு புதுசு. சீட் கவர் புதுசு. வாசனை டப்பா மூன்றும் புதுசு. 38,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார்கள், ஆனால் நான்கு டயரும் புதுசு. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. நான் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

2022 செப்டம்பர் முதல் வாரம் பெங்களூரில் என்ன நடந்தது என்று இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவுட்டர் ரிங் ரோடு, பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் ரோடு எல்லாம் ஏரியாகிவிட்டது. ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் டிராக்டரில் போனார்கள். எத்தனையோ கார்கள் பேஸ்மென்டில் முங்கிக் கிடந்தன. அப்படி முங்கிய வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு, பாலிசியில் வண்டியின் மதிப்பு என்று போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்ஷூரன்ஸ் கணக்கில் அது முழு இழப்பு. ஓனருக்குப் பணம் போய்விடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்களில் பாகங்களைக் கழற்றி விற்பவர்களும் உண்டு, கழுவி உலர்த்தி வாசனை போட்டு மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. தண்ணீர் வடிந்து ஆறேழு மாதம் கழித்து, தண்ணீர் நின்ற அதே ரோடில், இரவில் நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் காரை இன்னொரு குடும்பத்துக்கு விற்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. ஜே.சி. ரோடு பக்கம் பாகங்கள் எடுக்கும் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்து, 1,15,000 ரூபாய்க்குக் கொடுத்தோம்.

2024 ஜனவரியில் மறுபடி தேட ஆரம்பித்தபோது சித்தப்பா கூடவே வந்தார். அவர் போட்ட நிபந்தனை: காலை ஏழு மணிக்கு, வண்டி ராத்திரி நிற்கிற இடத்துக்கே, ஓனர் வீட்டுக்கே போக வேண்டும். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். இதற்கே பாதிப் பேர் தயங்கினார்கள். "மெட்ரோ ஸ்டேஷன்கிட்ட வாங்க, நானே எடுத்துட்டு வர்றேன்" என்றவர்களை நாங்கள் பார்க்கவே போகவில்லை.

பானஸ்வாடியில் பார்த்த முதல் வண்டி. ஓனர் கீழே வருவதற்குள் சித்தப்பா பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைக்கச் சொன்னார். ஜனவரி மாதத்துக் காலை, மற்ற கார்களின் மேல் பனி ஈரம். இதன் பானட் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. வந்தவர், "ரெண்டு நாளா எடுக்கவே இல்ல சார்" என்றார். சித்தப்பா அவரோடு வாதாடவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது, சூடான எஞ்சின் நிறைய மறைக்கும் என்று விளக்கினார். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை எடுக்கும் முதல் நிமிஷத்தில்தான் பலவீனமான பேட்டரி முனகும், எஞ்சினுக்குள் தேய்ந்த செயின் கடகடக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து அடங்கினால் ஒன்றுமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போய் எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொன்னார். பாலேடு மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் தரையையும் பார்க்க வேண்டும். எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது, வண்டியை அதிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கிறார்களா என்று.

மாரத்தஹள்ளியில் ஒரு வெள்ளை செடான். 52,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. ஸ்டீயரிங் புத்தம் புதுக் கவரில். கவரை ஓரத்தில் நகர்த்தினால் அடியில் தோல் வழவழவென்று கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது. பிரேக் பெடல் ரப்பரில் கோடுகளே இல்லை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட் மொறமொறப்பாக இருக்க, பின் சீட் மட்டும் அமுங்கியிருந்தது. வீட்டு வண்டியில் அப்படி இருக்காது. எல்லாரும் பின்னால் ஏறுவது டாக்ஸியில்தான். கதவுத் தூணில் ஏதோ திருகிக் கழற்றிய ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மறைத்தவர் மீட்டரையும் திருப்பியிருப்பார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, கடைசி சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள் என்றோம். அவர் போடவில்லை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் டில்லி நம்பர் போட்ட ஒரு பெரிய டீசல் வண்டி, ஒன்பது வயசு, ஆச்சரியமான விலை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் வயசாகும் டீசல் வண்டிகள் அப்போது தெற்கே வந்துகொண்டிருந்தன. வண்டி நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் அங்கிருந்து ஆட்சேபனை இல்லை என்ற என்.ஓ.சி. சான்று வாங்கி, கர்நாடகாவில் ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடித்தால் அந்த மலிவு எங்கே போகும் என்று கூட்டிப் பார்த்து விட்டுவிட்டோம்.

ராஜாஜி நகரில் பார்த்ததுதான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்த வண்டி. 2019 ஆகஸ்ட் மாதப் பதிவு, சின்னக் கார், பளபளவென்று இருந்தது. பார்த்ததும் பிடித்துவிட்டது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல், "நீயே பாரு" என்று ஓரமாக நின்றார்.

புதுசு எது என்று தேடினேன். வலது ஹெட்லைட் பளிச்சென்று இருந்தது, இடது ஹெட்லைட் மஞ்சள் பூத்திருந்தது. சரி, ஒரு கல் பட்டு மாற்றியிருக்கலாம். அடுத்து முன் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரை இருக்கும். ஐந்தில் ஒரே பெயர், முன் கண்ணாடியில் மட்டும் வேறு பெயர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் கண்ணாடியின் உள்ளே பதிவு எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பெட்ரோலுக்கு நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதை உரித்து வேறு கண்ணாடியில் ஒட்ட முடியாது, கிழிந்துவிடும். இதில் ஸ்டிக்கரே இல்லை. பானட்டுக்கும் வலது பக்கத் தகட்டுக்கும் நடுவில் என் சுண்டு விரல் நுழைந்தது, இடது பக்கம் நகம்தான் நுழைந்தது. பானட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்து ஸ்பானர் தடம் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். இடது பக்கத் தகட்டில் ஒட்டியது, வலது பக்கம் சக்கரத்துக்கு மேலே நழுவி விழுந்தது. அங்கே தகட்டுக்கு மேல் அவ்வளவு கனமாகப் பட்டி. கடைசியாக, சாவியைத் திருப்பும்போது மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை.

எங்கள் பழைய வண்டியில் அந்த விளக்கு அணையாமல் எரிந்தது, அது கூடப் பரவாயில்லை, உண்மையைச் சொன்னது. இங்கே எரியாத மாதிரி செய்து வைத்திருந்தார்கள். ஏர்பேக் வெடித்த பிறகு புதுசு போடாமல், அந்த விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். அந்த சீட்டில் என் மாமனாரை உட்கார வைத்திருப்பேன். அதை நினைத்து அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அடிபட்ட வண்டியை விற்பது குற்றமில்லை. அடிபட்டது என்று சொல்லி விற்கலாம். அந்த விளக்கை அணைத்து விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விளக்கு விஷயத்தில் இன்னொன்று. 900 ரூபாய் கொடுத்து, வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஓ.பி.டி. கருவி வாங்கினேன், ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் போனில் பார்ப்பது. கோளாறு எதுவும் இல்லை என்று அது காட்டினால் மட்டும் நம்பக் கூடாது. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்றும் அதில் வரும். அதில் பலவும் 'இன்னும் முடியவில்லை' என்று இருந்தால், பழைய கோளாறுகளை யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இதுவும் ஒரு வகைப் புதுசுதான்.

கம்மனஹள்ளியில் வண்டிக்கு முன்னால் ஆளே சரியில்லை. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஒரு பெண்ணின் பெயர், விற்க வந்தவர் ஒரு இளைஞர். "அக்கா துபாய்ல இருக்காங்க" என்றார். அக்காவோடு வீடியோ காலில் பேசலாமா என்றால் நேரம் சரியில்லை என்றார். அவர் பையில் கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 நம்பர் படிவங்கள் தயாராக இருந்தன, வாங்குபவர் பெயர் காலி. தன் பெயருக்கு மாற்றாமலே கை மாற்றி விற்பவர்கள் செய்வது இது. ஆர்.சி.யில் செகண்ட் ஓனர் என்று இருக்கும், நடுவில் நாலு பேர் ஓட்டியிருப்பார்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் பதிவு பெற்று, வண்டி கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது இதற்காகத்தான். "இன்னைக்கே 10,000 டோக்கன் போடுங்க, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது" என்று மூன்று தடவை சொன்னார். வரட்டும் என்று எழுந்துவிட்டோம்.

ஆறாவது வண்டி ஜாலஹள்ளியில். ஓய்வு பெற்ற கணவன் மனைவி, கன்னடக்காரர்கள். 2014 மாடல் வேகன் ஆர். பானட் சில்லென்று இருந்தது. பம்பர் வெளுத்திருந்தது, இடது பின்கதவில் ஒரு முழத்துக்குக் கீறலும் ஒரு பள்ளமும். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அந்த அம்மாவே, கேட் திறக்கும்போது தூணில் உரசிவிட்டது, அப்புறம் ஏ.சி. வெயில் காலத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் குளிரும், கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று அடுக்கினார். டயரில் எழுதியிருந்த நாலு இலக்கம் 3518, அதாவது 2018ஆம் வருஷம் 35ஆவது வாரம். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும். ஸ்பேர் சாவியும் இருந்தது. ஸ்டெப்னிக் குழியில் ஒரு பழைய குடை, கொஞ்சம் தூசி. சித்தப்பா சீட் பெல்ட்டை இழுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த வண்டியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அரசின் வாகனப் பதிவு இணையப் பக்கத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால், வண்டி மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்ற ஹெச்.பி. குறிப்பு அப்படியே இருந்தது. கடன் 2018லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதில் எந்தத் தந்திரமும் இல்லை. வங்கியின் என்.ஓ.சி.யும் 35ஆம் நம்பர் படிவமும் போட்டு அது போகும்வரை மூன்று வாரம் பொறுத்திருந்தோம். இரண்டு பழைய டிராஃபிக் அபராதம் இருந்தது, அவர்களே கட்டினார்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக நான் படிக்க, சித்தப்பா சரிபார்த்தார். பணம் முழுக்க வங்கி வழியாக, ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்கே அனுப்பினோம்.

அந்த அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. வண்டியைக் கொடுத்த பிறகு நாங்கள் எங்காவது இடித்துவிட்டால் தங்கள் தலையில் விழுமோ என்று. நியாயமான பயம். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், காலை 11.20. அதே வாரம் பெயர் மாற்றத்துக்குப் போட்டோம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி விற்றவருக்கே சொந்தம், அது வண்டியோடு வராது, அந்த வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம். பெயர் மாறியதும் புது ஆர்.சி.யைப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன்.

கிளட்ச் பத்து மாதம் தாங்கியது, மாற்றினோம். மாமனார் பின் சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார், அந்தப் பள்ளம் விழுந்த கதவுப் பக்கம். போன மாதம் அதைத் தட்டி எடுத்து டிங்கரிங், பெயின்டிங் செய்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு நாங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் அது தூணில் உரசிய கீறல் என்று கண்ணால் பார்க்கட்டும்.